சினை எலியின் எலும்பும் துத்தநாகத்தின் கணக்கும்

ஆய்வகத்தில் எலிக்கூண்டின் தண்ணீர்ப் புட்டியை மூடும் ரப்பர் அடைப்பானில் துத்தநாகம் இருக்கிறது. ரப்பரைக் கெட்டிப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். எலி அந்த அடைப்பானைக் கொறிக்கும். கூண்டு கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, கம்பியாக இருந்தால் கம்பியை நக்கும். தரையில் மரத்தூள் பரப்பியிருந்தால் அதையும் தின்னும். தன் புழுக்கையைத் தானே தின்னும் பழக்கமும் எலிக்கு உண்டு, அதிலும் துத்தநாகம் திரும்ப வயிற்றுக்குள் போகிறது.

சினை எலிக்கு ஹோமியோபதித் துத்தநாகம் கொடுத்து எலும்பைச் சோதித்ததாக வரும் எந்த அறிக்கையையும் இந்த அடைப்பானை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். எலியின் உடலுக்குள் உண்மையில் எவ்வளவு துத்தநாகம் போனது, எந்த வழியாகப் போனது என்பது தெரியாமல் எலும்பில் கண்ட மாற்றத்துக்குக் காரணம் சொல்ல வழியில்லை.

எலும்புக்கு ஏன் இந்த உலோகம்?

வளர்ந்த மனித உடலில் இருக்கும் மொத்தத் துத்தநாகம் 2 முதல் 3 கிராம். அதில் ஏறக்குறைய 30 விழுக்காடு எலும்பில் கிடக்கிறது. அங்கே அது சும்மா கிடக்கும் சரக்கு மட்டும் அல்ல. எலும்பு கட்டும் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி துத்தநாக அணுக்களைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். சுண்ணாம்புப் படிகம் உருவாவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டை அது வெட்டித் தள்ளுகிறது. அந்தத் தடை நீங்கினால்தான் கொலாஜன் நார்களின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படியும். எலும்பைக் கரைக்கும் செல்களுக்கோ அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத் தயாரிக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸும் துத்தநாக நொதிதான். குருத்தெலும்பை அறுத்து எலும்புக்கு இடம் பண்ணும் கொலாஜன் வெட்டிகளும் அப்படியே. எலும்பு செல்லாக மாறு என்று கருவின் செல்லுக்குக் கட்டளையிடும் ஆஸ்டெரிக்ஸ் புரதம் மரபிழையைப் பற்றிக்கொள்வதே துத்தநாகத்தால் மடிந்து நிற்கும் விரல்களால்தான். கட்டுவதற்கும் இடிப்பதற்கும் ஒரே உலோகம் தேவைப்படுவதால், குறைபாட்டின் விளைவு ஒரு திசையில் மட்டும் வருவதில்லை. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மெலிகிறது, எலும்பு நீளத்தில் குறுகுகிறது, படிவது தாமதமாகிறது.

எலிக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்று 1934-இல் காட்டியவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டாட், எல்வெஹ்ஜெம், ஹார்ட் மூவரும். ஆனால் கருவின் எலும்பு பற்றிய கதை சூடு பிடித்தது 1966-இல், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில். லூசில் ஹர்லியும் ஹெலன் ஸ்வெனர்ட்டனும் சினைக்காலத்தில் துத்தநாகம் மிகக் குறைந்த தீனியைக் கொடுத்தார்கள். குட்டிகளில் பெரும்பாலானவை குறைபாட்டோடு வந்தன: குறுகிய தாடை, பிளந்த அண்ணம், ஒட்டிய அல்லது காணாமல் போன விரல்கள், வளைந்த வால், வளைந்த முதுகெலும்பு.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். தாயின் எலும்பில்தான் இவ்வளவு துத்தநாகம் இருக்கிறதே, அது ஏன் குட்டிக்குப் போகவில்லை?

இதற்கு விடை 1972-இல் ஹர்லியும் டாவோவும் செய்த சோதனையில் இருக்கிறது. என் கணிப்பில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை அதுதான். துத்தநாகம் குறைந்த தீனியில் கால்சியத்தையும் சேர்த்துக் குறைத்தார்கள். இரண்டு குறைபாடு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு, குட்டிகளில் குறைபாடுகள் குறைந்தன. கால்சியம் இல்லாததால் தாய் தன் எலும்பைக் கரைக்க ஆரம்பித்தாள். எலும்பு கரைந்தபோது அதில் சிறைப்பட்டிருந்த துத்தநாகமும் கூடவே இரத்தத்துக்கு வந்து கருவைச் சேர்ந்தது. கால்சியம் போதுமான அளவு கிடைக்கும் தாயிடம் அந்தக் கதவு திறப்பதில்லை. எலும்பு ஒரு பூட்டிய பெட்டி, அதன் சாவி கால்சியத்தின் கையில்.

இதிலிருந்து நேரடியாக வருவது ஒன்று உண்டு. சினை எலியின் எலும்பைப் பற்றிய எந்த ஆய்விலும் தீனியின் கால்சிய அளவைச் சொல்லாமல் துத்தநாகத்தை மட்டும் சொன்னால் அந்தத் தகவல் பாதிதான். இன்னொன்று, குறைபாடு உள்ள எலியின் இரத்தத்தில் துத்தநாகம் ஒரே நாளில் கணிசமாக இறங்கிவிடும். எனவே கரு தினசரித் தீனியை நம்பித்தான் இருக்கிறது, முந்தைய மாதச் சேமிப்பை நம்பி அல்ல.

குப்பிக்குள் எவ்வளவு?

ஹோமியோபதியில் துத்தநாகத்தை சிங்கம் மெட்டாலிகம் என்பார்கள். உலோகம் நீரில் கரையாது என்பதால் முதலில் கல்வத்தில் போட்டு அரைப்பார்கள். ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் வகுத்த முறை இது: துத்தநாகப் பொடி ஒரு பங்கு, பால் சர்க்கரை 99 பங்கு. சர்க்கரையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் சேர்த்தபின் 6 நிமிடம் அரைத்து 4 நிமிடம் சுரண்டி, இதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். மூன்று பங்குக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். இது 1சி. இதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கு சர்க்கரையோடு அரைத்தால் 2சி, அதன்பின் 3சி. அதற்கப்பால் நீரும் சாராயமும் சேர்த்துத் திரவமாக்கி, ஒவ்வொரு படியிலும் நூறு மடங்கு நீர்த்து, ஓங்கிக் குலுக்கி ஏற்றிக்கொண்டே போவார்கள். எக்ஸ் வரிசையில் நூறுக்குப் பதில் பத்து மடங்கு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சினை எலி ஒரு நாளைக்கு 20 கிராம் தீனி தின்னும் என்று வைத்துக்கொள்வோம். இன்று பரவலாகப் பயன்படும் ஏஐஎன்-93ஜி என்ற சுத்திகரித்த தீனியில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் துத்தநாகம். ஆக தினமும் 600 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. இப்போது அந்த எலிக்கு 6சி மருந்தை 0.1 மில்லிலிட்டர் கொடுத்தால், அதில் இருக்கும் துத்தநாகம் 0.1 பிக்கோகிராம் (பிக்கோகிராம் என்பது மைக்ரோகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). தீனியில் வந்தது இதைப்போல் 600 கோடி மடங்கு. 21 நாளும் கொடுத்தால் மொத்தம் 2.1 பிக்கோகிராம். வளர்ந்த எலியின் ஒரு தொடை எலும்பில் மட்டும் சுமார் 100 மைக்ரோகிராம் துத்தநாகம் இருக்கும், இது ஏறக்குறைய ஐந்து கோடி மடங்கு.

12சி-க்குப் போனால் 109 கிராம் மருந்தில் ஒரே ஒரு துத்தநாக அணு இருக்க வாய்ப்பு. 30சி-யில் அந்தப் பேச்சே இல்லை.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் வேறு சிக்கல் தெரியும். மருந்தை நீர்க்கப் பயன்படும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் துத்தநாகம் இருந்தால் அது மிக நல்ல தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீரின் 0.1 மில்லிலிட்டரில் 100 பிக்கோகிராம் துத்தநாகம் இருக்கும். 6சி மருந்தின் சரக்கைப்போல் ஆயிரம் மடங்கு. கண்ணாடிக் குப்பியும் துளியிடும் கருவியின் ரப்பர் குமிழும் சேர்க்கும் அளவு தனி. வெறும் கரைப்பானைக் கொடுத்த கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் மருந்து கொடுத்த குழுவுக்கும் துத்தநாகத்தின் அளவில் வேறுபாடே இல்லை. மருந்துக் குழு வாங்கியதில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வந்தது.

குறைந்த வீரியங்கள், அதாவது சில படி மட்டும் நீர்த்தவை, இதற்கு நேர்மாறு. 3எக்ஸ் பொடியில் 0.1 கிராம் கொடுத்தால் 100 மைக்ரோகிராம் துத்தநாகம் போகும், தினசரித் தீனியில் ஆறில் ஒரு பங்கு. 2எக்ஸ் என்றால் 1 மில்லிகிராம், தீனியைவிட அதிகம். இவை பெயரில் ஹோமியோபதி, வேலையில் சாதாரணத் துத்தநாகச் சத்து. இது ஏட்டுக் கணக்கு அல்ல. சளிக்கு மூக்கில் விடும் சைக்காம் என்ற ஜெல்லில் சிங்கம் குளுக்கோனிகம் 2எக்ஸ் இருந்தது. மோப்பம் போய்விட்டதாக 130-க்கு மேற்பட்ட புகார்கள் வந்தபின் 2009 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. அங்கே மோப்ப நரம்புக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட சேதத்துக்குக் காரணமாகக் கருதப்பட்டது நிஜமான துத்தநாக அயனி. ஆகவே 'ஹோமியோபதித் துத்தநாகம்' என்ற ஒரே சொல்லால் 2எக்ஸையும் 30சி-யையும் சேர்த்துச் சொல்லும் அறிக்கை எதைச் சோதித்தது என்றே நமக்குத் தெரியாது. வீரியத்தை எழுதியிருக்க வேண்டும், அதோடு அந்தக் குப்பியில் அளந்து கண்ட துத்தநாகத்தின் அளவையும் எழுதியிருக்க வேண்டும்.

சோதனை எங்கே வழுக்குகிறது?

முதலில் தீனி. துத்தநாகம் குறைந்த தீனி செய்ய வழக்கமான பால் புரதமான கேசீனை எடுக்க முடியாது, அதிலேயே துத்தநாகம் ஒட்டிக்கொண்டிருக்கும். முட்டை வெள்ளைக்கருவை உலர்த்திச் சேர்ப்பார்கள். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போடும். அதனால் பயோட்டின் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் வருவது பயோட்டின் குறைபாடு, பழி துத்தநாகத்தின் மேல் விழும். சினை எலிக்கும் பாலூட்டும் எலிக்கும் கிலோவுக்கு 25 மில்லிகிராம் துத்தநாகம் தேவை, கடுங்குறைபாட்டுத் தீனியில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. கூண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக், தரை கம்பி வலை, தண்ணீர் அயனி நீக்கியது, அடைப்பான் சிலிக்கோன். கண்ணாடிப் பாத்திரங்களை நைட்ரிக் அமிலத்தில் ஊற வைத்துக் கழுவ வேண்டும்.

அடுத்தது பசி. துத்தநாகம் குறைந்த எலி ஒழுங்காகத் தின்னாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சுழற்சியில் தின்னும். தீனி குறைந்தாலே எலும்பு மெலியும், குட்டி சிறுக்கும். எனவே குறைபாட்டு எலி நேற்று எத்தனை கிராம் தின்றதோ அதே அளவு நல்ல தீனியை இன்று வாங்கும் இணை எலி ஒன்று வேண்டும். தீனி உட்கொண்டதைத் தினமும் எடை போடாத ஆய்வில் எலும்பின் எடை குறைந்ததா கூடியதா என்பதற்குப் பெரிய பொருள் இல்லை.

கரைப்பானும் அப்பாவி அல்ல. ஹோமியோபதித் திரவத்தில் சாராயம் இருக்கிறது. சினைக்காலத்தில் போதிய அளவு சாராயம் போனால் குட்டியின் எலும்பாதலைத் தாமதப்படுத்தும் என்பது எலிகளில் நன்றாக நிறுவப்பட்டது. பால் சர்க்கரை அதிக அளவில் கொடுத்தால் எலியின் குடலில் கால்சிய உறிஞ்சலைக் கூட்டும். கொடுக்கும் அளவு சிறியதாக இருந்தாலும், கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே சாராயம், அதே சர்க்கரை, அதே குலுக்கல் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் கொடுத்த எலியோடு ஒப்பிட்டால் போதாது. குழாய் விட்டு வயிற்றுக்குள் மருந்து செலுத்துவதும் எலிக்குப் பயம் தரும், அது எல்லாக் குழுக்களுக்கும் சமமாக இருக்க வேண்டும்.

இவற்றோடு ஒரு குழு அவசியம் வேண்டும், அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: குறைபாட்டு எலிக்கு நிஜமான துத்தநாகத்தைத் திருப்பிக் கொடுக்கும் குழு. அந்தக் குழுவில் எலும்பு தேறினால்தான் இந்தச் சோதனைக்கு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் திறன் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குழுவே தேறாவிட்டால் மற்ற குழுக்களின் எண்களைப் பேசிப் பயனில்லை. துத்தநாகம் போதுமான தீனி தின்ற எலிக்கு ஹோமியோபதித் துத்தநாகம் கொடுத்து எலும்பு கூடியது என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். குறையே இல்லாத இடத்தில் எதைச் சரிசெய்தது என்ற விளக்கம் அங்கே தேவை.

எலும்பைப் பார்க்கும் நேரம்

எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். குட்டியின் எலும்பாதல் 16, 17-ஆம் நாளில்தான் தொடங்குகிறது. ஒரு குட்டியின் உடலில் சேரும் சுமார் 12 மில்லிகிராம் கால்சியத்தில் 95 விழுக்காடு கடைசி ஐந்து நாளில் சேர்கிறது. மனிதக் கருவிலோ 30 கிராம் கால்சியம், அதில் 80 விழுக்காடு கடைசி மூன்று மாதத்தில். எலியில் எல்லாமே ஐந்து நாளுக்குள் அடங்குவதால், அரை நாள் பிசகினாலும் எண்கள் மாறிவிடும். இரவில் ஆணோடு விட்டு, காலையில் யோனித் திரவத்தில் விந்தணு தெரிந்தால் அது முதல் நாள் என்றோ பூச்சிய நாள் என்றோ கணக்கு வைப்பார்கள். எது என்று எழுதாத அறிக்கையில் '20-ஆம் நாள்' எது என்று நமக்குத் தெரியாது. குட்டிகளை எடுக்கும் மணியும் எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எலும்பைக் கண்ணால் காண இரட்டைச் சாய முறை இருக்கிறது. குட்டியின் தோலையும் உள்ளுறுப்புகளையும் நீக்கி, 95 விழுக்காடு சாராயத்தில் சில நாள் வைத்து, அசிட்டோனில் கொழுப்பை எடுத்து, ஆல்சியன் ப்ளூ சாயத்தில் போடுகிறார்கள். பின் ஒரு விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தசை கண்ணாடிபோல் தெளிய, அலிசரின் ரெட் சேர்த்து, கடைசியில் கிளிசரினுக்கு மாற்றுகிறார்கள். கிண்ணத்தில் இருக்கும் குட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உடல் தெரியாது. நீலக் குருத்தெலும்பும் அதன் நடுவே சிவப்புக் கோடாக எலும்பும் மிதக்கும். விரல் எலும்புகள், பாத எலும்புகள், மார்பெலும்பின் துண்டுகள், வால் முதுகெலும்புகள் ஆகியவற்றில் சிவப்பு ஏறியவற்றை எண்ண வேண்டும், இவைதான் கடைசியில் எலும்பாகும். வழுக்கும் இடமும் இங்கேதான். ஆல்சியன் ப்ளூ கரைசலில் அசிட்டிக் அமிலம் இருக்கும். அதில் ஒரு நாள் கூடுதலாக விட்டால் சிறிய எலும்பு மையங்களின் சுண்ணாம்பு கரைந்து சிவப்பு ஏறாது. உண்மையில் எலும்பாகிவிட்ட இடம் எலும்பாகாததுபோல் தெரியும். காரத்தில் அதிக நாள் விட்டால் குட்டி கூழாகிவிடும். மருந்துக் குழுவின் குட்டிகளை ஒரு வாரமும் கட்டுப்பாட்டுக் குட்டிகளை அடுத்த வாரமும் சாயம் போட்டால், தெரியும் வித்தியாசம் சாயத்தின் வித்தியாசமாகக்கூட இருக்கலாம்.

தாயின் தொடை எலும்பில் தாது அளக்க 600 பாகை உலையில் எரித்துச் சாம்பலை எடை போடுவார்கள். துத்தநாகத்தை அளக்க மட்டும் நைட்ரிக் அமிலத்தில் கரைப்பதே பாதுகாப்பு. அணு உறிஞ்சல் கருவியில் 213.9 நானோமீட்டர் அலைநீளத்தில் படிக்க வேண்டும். கால்சியத்துக்கு 422.7, அதற்கு லாந்தனம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்பேட் கால்சியத்தை மறைத்துவிடும். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் பிளாஸ்மாத் துத்தநாகம் பொய்யாக ஏறும்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடியதால் எலும்பு வலுத்தது என்று சொல்லும் அறிக்கைகளைப் பார்த்துத் தயங்க வேண்டும். எலியின் இரத்தத்தில் இந்த நொதியின் பெரும்பகுதி குடலிலிருந்து வருகிறது, பட்டினி போட்டால் இறங்கும். இரத்தத்தை, அது உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ சேர்த்த குழாயில் எடுத்தாலோ அந்த வேதிப்பொருளே நொதியின் துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும்.

எண்ணிக்கையில் ஒரு பிழை அடிக்கடி வருகிறது. ஒரு குழுவில் 8 தாய், ஒவ்வொன்றுக்கும் 10 குட்டி என்றால் 80 மாதிரி என்று கணக்குப் போடுகிறார்கள். மருந்து தாய்க்குத்தான் போனது. ஒரு வயிற்றுக் குட்டிகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். மாதிரி எண்ணிக்கை 8 மட்டுமே. 80 என்று வைத்தால் தற்செயலான வேறுபாடுகூடக் கனமான கண்டுபிடிப்புபோல் தெரியும்.

கண்ணை மறைத்தல் இதைவிட முக்கியம். சிவப்பு ஏறியதா இல்லையா என்பது ஓரளவு பார்ப்பவரின் தீர்மானம். எந்தக் குட்டி எந்தக் குழு என்று தெரிந்தவர் எண்ணக் கூடாது. 1988-இல் பாரிஸ் அருகே, நீர்த்த கரைசலுக்கும் விளைவு உண்டு என்று சொன்ன பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் பென்வெனிஸ்ட்டின் ஆய்வகத்தில் மிக நீர்த்த கரைசல்களைச் சோதித்தபோது, குறியீட்டுத் தாளை உறையிலிட்டு ஆய்வகக் கூரையில் ஒட்டி வைத்தார்கள். எண்ணியவர்களுக்கு எது எது என்று தெரியாதபோது, முன்பு தெரிந்த விளைவு மறைந்துவிட்டது. அந்த ஆட்கள் நேர்மையானவர்கள் அல்ல என்று இதற்குப் பொருள் இல்லை. எதிர்பார்ப்பு கண்ணில் ஏறிக்கொள்ளும், நல்ல ஆய்வாளருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு

எலியில் நிஜமான துத்தநாகக் குறைபாடு கருவின் எலும்பைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. மனிதரிலும் இந்த இழை தொடர்கிறது. பெரு நாட்டில் 242 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், இரும்பும் ஃபோலிக் அமிலமும் பெற்றவர்களில் பாதிப்பேருக்குத் தினம் 25 மில்லிகிராம் துத்தநாகம் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களின் கருவில் தொடை எலும்பின் நீளம் சற்று அதிகமாக இருந்தது. அந்தப் பகுதிப் பெண்களுக்குத் துத்தநாகக் குறைபாடு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போதுமான அளவு கிடைப்பவருக்கு அதிகம் கொடுத்தால் நன்மை வரும் என்று இதிலிருந்து கொள்ள முடியாது. மிகையான துத்தநாகம் குடலில் செம்பை மறித்துவிடும், கொலாஜன் நார்களைப் பின்னும் நொதிக்குச் செம்பு வேண்டும், அங்கேயும் எலும்புதான் பலியாகும்.

இந்தியக் கர்ப்பிணிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைத்த துத்தநாக அளவு நாளைக்கு 14.5 மில்லிகிராம். தானியம், பருப்பு மட்டும் உண்பவருக்கு அவற்றில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைக் கட்டிப்போடும். முளைகட்டுவதும் மாவைப் புளிக்க வைப்பதும் அந்தக் கட்டைத் தளர்த்தும். கையில் இருக்கும் ஹோமியோபதிக் குப்பியில் 6சி, 30சி என்று எழுதியிருந்தால் அதில் இந்த 14.5-க்கு ஒரு துளியும் சேராது. 2எக்ஸ், 3எக்ஸ் என்றால் நிஜமான துத்தநாகம் இருக்கிறது, எவ்வளவு என்று மருத்துவரிடம் காட்டாமல் குடிக்கக் கூடாது. குறைபாடு என்று இரத்தத்தையும் உணவையும் பார்த்து மருத்துவர் துத்தநாக மாத்திரை எழுதித் தந்திருந்தால், அந்த மாத்திரையின் இடத்தில் இந்தக் குப்பியை வைக்க வேண்டாம்.